மழை பெய்த இரண்டு நாள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பேன். வாசல் குழாயில் ஆறு மணி வரைதான் தண்ணீர் வரும். இரண்டு குடம், ஒரு பிளாஸ்டிக் வாளி. பல் தேய்ப்பேன். பாலை ஸ்டவ்வில் வைப்பேன். ஆறரைக்குச் சத்யாவை எழுப்புவேன். அவள் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் இருப்பாள். எதிர்வீட்டுத் துரையின் மனைவி தலை பின்ன வருவதற்குள் அவளுக்குச் சட்டையும் பாவாடையும் போட்டுவிடுவேன். துரையின் மனைவிக்கு ஏழு மணிக்கு மேல் நேரம் இருக்காது. ஏழு மணிக்குத் தெருவில் நெசவுக்கான பாவு கட்டிவிடுவார்கள். நான் அப்போது வீட்டின் பின்பக்கம் போவேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் பாட்டில் இருக்கும். டம்ளரில் பாதி. தண்ணீர் கலப்பதில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வருவேன். எட்டரைக்குச் சத்யாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். எட்டே முக்காலுக்கு வேலைக்கு உட்காருவேன்.

இதை நான் சின்னபொண்ணு மேடத்திடம் சொன்னது 2002 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒரு டிரஸ்ட் நடத்திய ஆலோசனை மையம். ஒரு அறை. வெளியே ஒரு பெஞ்சு. புதனும் சனியும் மேடம் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். ஐம்பது வயதிருக்கும். படி ஏறி வந்தால் பத்து நிமிஷம் மூச்சு வாங்கும். அந்தப் பத்து நிமிஷம் எதுவும் பேசமாட்டார். நாமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

“அப்புறம்?” என்றார்.

“அவ்வளவுதான் மேடம். மத்தியானம் ஒரு தடவ. சாயங்காலம் மிச்சம்.”

“சரி.”

“ஏன் குடிக்கிறேன்னு நீங்க கேக்கலையே.”

“கேக்கமாட்டேன்” என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மூன்று கட்டம் போட்டிருந்தது. நேரம், இடம், அளவு. “இத எழுதிகினு வாங்க. தெனமும்.”

“காரணம் எழுத எடமே இல்லையே?”

“காரணம் எல்லார்கிட்டயும் இருக்குது குமரேசன். எனக்கு இருபது வருஷமா சொல்லிகினு இருக்காங்க. பீரோ பீரோவா வெச்சிருக்கேன். எத்தன மணிக்குன்னு கேட்டாதான் ஒருத்தருக்கும் தெரியறதில்ல.”

நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குப் பதில் அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரே நாளில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரும் என்றார்.

நான் அங்கே போனது நானாக அல்ல. ஜூலை கடைசியில் ஒரு நாள் மத்தியானம் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டும் நான் போகவில்லை. சத்யாவுக்கு ஐந்து வயது. அவள் தானாக நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வந்தவாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். யார் வீட்டுக்கு என்று கண்டக்டர் கேட்டதற்கு, பாய்க் கடை பெரியம்மா வீட்டுக்கு என்றிருக்கிறாள். அவருக்கு அந்தக் கடையைத் தெரிந்திருந்தது. அது அவள் அதிர்ஷ்டம்.

பெரியம்மா என்பது காசியம்மாள். என் மனைவி சுகன்யாவின் அக்கா. கணவர் மணவாளன் வந்தவாசியில் கோரைப்பாய்க் கடை வைத்திருக்கிறார். குழந்தை இல்லை. மறுநாள் காலை அக்காவே சத்யாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

“இவள எடுத்துகினு போறதுக்கு எனக்கு எவ்ளோ நேரம் ஆவும் தம்பி? பஸ்ஸுக்காரனே கொண்டாந்து குடுத்துட்டான். ஆனா என் தங்கச்சி சொல்லிட்டுப் போயிட்டா. அவ வாய்க்கு நான் கட்டுப்பட்டுகினு இருக்கேன்.”

சாகும்போது சுகன்யா சொன்னது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். பாப்பாவை நீங்களே வளர்க்கணும், வேற யார்கிட்டயும் விட்டுடாதீங்க. நான் சொல்லித்தான் தெரியும்.

“தீபாவளி வரைக்கும் பாப்பேன்” என்றார் அக்கா. “அதுக்குள்ள குடிய விட்டா உண்டு. இல்லன்னா அவ சொன்னதையும் மீறி எடுத்துகினு போயிடுவேன். பாவம் வந்தா எனக்கே வரட்டும்.”

அன்று சாயங்காலம் துரை என்னை சைக்கிளில் உட்கார வைத்து அந்த மாடிக்கு வழி காட்டினான். “பி.காம் படிச்சவன், குடிச்சாலும் ஒரு அளவா குடிப்பான்னு பாத்தேன். நீ இன்னாடா எங்கள விட மட்டமா குடிக்கிற” என்றான். செய்யாறு கல்லூரியில் நான் வாங்கிய பட்டத்தை அவன் என்றைக்கும் விட்டதில்லை.

என் வேலை டிசைன். கட்டம் போட்ட தாளில் பூவோ மயிலோ வரைந்து, அதைப் பார்த்துத் தறிக்கான ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போட வேண்டும். ஒரு ஓட்டை தவறினால் புடவையில் மயிலுக்குக் கழுத்து இருக்காது. அந்த வருஷம் கழுத்தில்லாத மயில்கள் இரண்டு மூன்று நெய்து முடித்துத் திரும்பி வந்தன.

நான்கு வாரம் எழுதிக்கொண்டு போனேன். மாடியில் என் பக்கத்தில் எப்போதும் வீரபாகு உட்கார்ந்திருப்பார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். “நான் ஒம்போது வாட்டி நிறுத்தியிருக்கேன் சார். நிறுத்தறது எனக்கு நல்லா வரும். அதுக்கு அப்புறந்தான் வரமாட்டேங்குது” என்பார். மேடத்தின் தாளில் எழுத அவருக்குத் தெரியாது. குடித்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நெல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். மேடம் அவற்றை மேஜைமேல் கொட்டி எண்ணுவார். காலை நெல் இடது பை, மாலை நெல் வலது பை.

நான்காவது புதன்கிழமை மேடம் என் தாள்களை வரிசையாகப் பரப்பினார். பேனா மூடியை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏழு. ஏழு அஞ்சு. ஏழு. ஏழு. இங்க பாருங்க. இந்த ரெண்டு நாள் மட்டும் பதினொன்னு, பதினொன்னேகால். அன்னிக்கு இன்னா?”

தேதியைப் பார்த்தேன். “மழை மேடம்.”

“மழைன்னா?”

“காலையில மழை. அதனால தெருவுல பாவு கட்டல.”

“எனக்கு நெசவு தெரியாது. சொல்லுங்க.”

சொன்னேன். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அதுதான் பாவு. இரண்டு முனையிலும் கட்டை. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துவிட்டு, அறுந்ததை முடிந்து, காய்ந்ததும் சுற்றி எடுக்க வேண்டும். ஈரத்தில் அப்படியே விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மொத்தப் பாவும் போய்விடும். ஒரு வீட்டு ஆட்களால் முடியாது. நாலு வீட்டிலிருந்து வருவார்கள். கூலி கிடையாது. இன்றைக்கு நம் பாவுக்கு அவர்கள், நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம். யாருடைய பாவோ அவன் தலைப்பக்கத்துக் கட்டையை விட்டு நகரக்கூடாது. நாலு வீட்டு ஆட்களை ஈரப் பாவோடு நிற்க வைத்துவிட்டு அவன் உள்ளே போனான் என்றால், தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து போனது மாதிரி என்பான் துரை. அந்த வீட்டுப் பாவுக்கு அப்புறம் யாரும் வரமாட்டார்கள்.

“நீங்க வீட்டுக்குள்ளதானே இருக்கீங்க. பாவு வெளியில.”

“கஞ்சி வாசனை உள்ள வரும் மேடம்.”

மேடம் பேனாவை எடுத்தார். இரண்டு தேதிக்குப் பக்கத்திலும் தாளின் ஓரத்தில் ‘மழை’ என்று எழுதினார்.

“காரணத்துக்கு எடம் இல்லன்னீங்க.”

“ஓரமாத்தான எழுதினேன்” என்றார்.

அந்த வாரமே டாக்டரிடம் சொல்லி, குடியை நிறுத்த மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஐந்து நாள். துரையின் மனைவி சத்யாவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். துரை என் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டான். கை நடுங்கியது. வேர்த்தது. சுவரில் எறும்பு போகாத இடத்தில் எறும்பு போனது. ஆறாம் நாள் இட்லி சாப்பிட்டேன்.

“ஏழு மணிக்கு அந்தத் தெருவுல இருக்காதீங்க” என்றார் மேடம். “ஓடிப்போறதுதான். பரவால்ல, ஓடுங்க. வீரமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

அதனால் ஆறே முக்காலுக்கே சத்யாவை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்குப் போவேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டு எட்டு மணி வரை நிற்போம்.

“ஏம்ப்பா, பள்ளிக்கூடத்துக்கு ஊரச் சுத்திகினு போறோம்?”

“சும்மாதான்.”

“பஸ்லயே போலாம்ல?”

அவளுக்கு பஸ் பிடித்துப்போயிருந்தது.

முப்பத்தோரு நாள் குடிக்கவில்லை. தாளில் கட்டங்கள் காலியாகவே இருந்தன. மயில்களுக்குக் கழுத்து வந்தது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. துரையின் மனைவி, “காசியம்மா அக்காகிட்ட சொல்லிடுங்க, பொண்ணு உங்களுக்குத்தான்னு” என்றாள். எனக்கு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சாப்பிட்டேன், தூங்கினேன். வேறு ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை மேடம் கேட்டார். “சுகன்யா போன அன்னிக்கு நடந்தத சொல்லுங்க. நீங்க மொத நாள் சொன்னீங்க இல்ல, அந்த மாதிரி. தண்ணி புடிக்கறதுலேர்ந்து.”

அதற்கு முந்தின வருஷம் தை மாதம். சுகன்யாவுக்கு இருபத்தாறு வயது. கரு குழாயில் தங்கி உள்ளேயே வெடித்திருந்தது. கரு உண்டானதே எங்களுக்குத் தெரியாது. ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கண்ணமங்கலம் தாண்டி வண்டியிலேயே போய்விட்டாள். இதையெல்லாம் மேடத்திடம் வரிசையாகச் சொன்னேன். அன்றைக்கு எங்கள் பாவு. தறி அவளுடையது. அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பாவை நீங்களே வளர்க்கணும், வேற யார்கிட்டயும் விட்டுடாதீங்க என்று சொன்னாள்.

“கஞ்சி போட்டது எத்தன மணி?”

“ஏழே கால்.”

“ஆஸ்பத்திரிக்குப் போனது?”

“ஒம்போது.”

“நடுவுல?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழே பஸ்காரன் செஞ்சி செஞ்சி என்று கத்திக்கொண்டிருந்தான்.

“குமரேசன், பல்லு தேய்ச்சேன்னு நீங்க சொன்னா நான் நம்பறேன். இட்லி தின்னேன்னா நம்பறேன். இந்தக் கடைசி வார்த்த மட்டும் சினிமாவுல சொல்ற மாதிரி இருக்குது. உங்க வீட்டம்மா இப்படித்தான் பேசுவாங்களா?”

“இல்ல.”

“எப்படிப் பேசுவாங்க?”

எழுந்துவிட்டேன். மேடம் கூப்பிடவில்லை. படி இறங்கினால் எதிரிலேயே பிராந்திக் கடை. அந்த மையத்தை அங்கே வைத்த புண்ணியவான் யாரோ.

மூன்று நாள் குடித்தேன். சத்யா எதிர்வீட்டில் இருந்தாள். வாசலில் நின்று ஒரு தடவை என்னைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. துரை திட்டக்கூட இல்லை. “எங்களுக்கு பேஜாரா இருக்குது குமரேசா” என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை போனேன். பெஞ்சில் வீரபாகு இல்லை. ரத்த வாந்தி எடுத்து வேலூரில் சேர்த்திருக்கிறார்கள் என்றார் மேடம். அவரைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாராம். அன்றைக்கு மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது.

“முப்பத்தோரு நாளு. மூணு நாளு. ரெண்டையும் எழுதுங்க. ஒண்ணு இன்னொண்ண அழிக்காது.”

எழுதினேன். அப்புறம் சொன்னேன். “அவ அப்படிச் சொல்லல மேடம்.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றிருந்தேன். பெரிய டாக்டர் ஒருவர், ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காசியம்மாள் அக்கா வந்தவாசியிலிருந்து வந்து சேர்ந்தார். அப்போது சத்யாவுக்கு நாலு வயதுகூட ஆகவில்லை. பின்னாலேயே பஸ்ஸில் வந்திருந்த துரையின் மனைவியிடமிருந்து அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைசியா இன்னா சொன்னா தம்பி என்று கேட்டார். என் வாயிலிருந்து அது வந்தது. வந்ததும் அக்கா சத்யாவை இடுப்பிலிருந்து இறக்கி என் பக்கம் தள்ளிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் அழுதார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் தண்ணீர் குடித்தார்.

“அவங்க நெஜமா இன்னா சொன்னாங்கன்னு…” என்று நான் ஆரம்பித்தேன்.

“எங்கிட்ட வேணாம். எனக்கு அவங்களத் தெரியாது. கேட்டவங்க வேற ஆளு.”

“சொன்னா அக்கா பாப்பாவ வெச்சுக்குவாங்க மேடம்.”

“வெச்சுக்குவாங்க. அதுல சந்தேகமே வேணாம். சொல்லலன்னா யாருக்கும் தெரியப்போறதும் இல்ல. சொல்லாமலே குடிய விட்டவங்களும் இருக்காங்க, நான் பாத்திருக்கேன். அதனால நான் போன்னும் சொல்லமாட்டேன், போவாதன்னும் சொல்லமாட்டேன்.”

“நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

“எனக்கு நாலு மணிக்கு பஸ்ஸு” என்றார். சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினார். “போனா காரணம் சொல்லிகினு நிக்காதீங்க. நேரம், இடம், நடந்தது. அவ்ளோதான்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சத்யாவுடன் வந்தவாசி பஸ் ஏறினேன். ஒன்றரை மணி நேரம். ஜன்னலோரம் அவள். அந்தக் கண்டக்டர் இவர்தான் என்று ஒருவரைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

கடையின் பின்பக்கம் வீடு. மணவாளன் சத்யாவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். சுருட்டி நிறுத்திவைத்த பாய்களுக்கு நடுவே ஒளிந்துகொள்வது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. அக்கா சமையலறையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. குடிய விட்டா ஒடம்பு வெக்கும்னாங்க, நீங்க இன்னா இன்னும் எளச்சிகினு போறீங்க? உக்காருங்க. கொழம்பு கொதிச்சதும் சாப்பிடலாம்.”

தரையில் உட்கார்ந்தேன்.

“நடுவுல மூணு நாள் குடிச்சிட்டேங்க்கா.”

“தெரியும். துரை போன் பண்ணாரு.” காயைத் தண்ணீரில் போட்டார். “தீபாவளி இன்னும் வரல. பாக்கலாம்.”

“அக்கா, சுகன்யா அப்படிச் சொல்லல.”

“எப்படி?”

“பாப்பாவ வேற யார்கிட்டயும் விடாதீங்கன்னு. அது அவ சொன்னதில்ல. நான் சொன்னது.”

அவர் இன்னொரு கத்திரிக்காயை எடுத்தார். நான்காகக் கீறினார். பூச்சி இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். தண்ணீரில் போட்டார். அடுத்ததையும் அப்படியே. அதற்கப்புறம் கை நின்றது.

“ஏன்?”

காரணம் வாய் வரை வந்தது. என்னிடமும் ஒரு பீரோ நிறைய இருந்தது. “நீங்க பாப்பாவ இடுப்புல வெச்சிகினு இருந்தீங்க” என்றேன்.

குழம்பு கொதித்தது. அவர் எழுந்து தீயைக் குறைக்கவில்லை.

“ஒண்ணே முக்கா வருஷம்” என்றார். “ஒண்ணே முக்கா வருஷமா நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா? என் தங்கச்சிக்கு எம்மேல நம்பிக்கை இல்லன்னு. புள்ள பெறாதவ, கண்ணு வெச்சிடுவேன்னு பயந்துட்டா போலக்குதுன்னு. வேற யார்கிட்டயும்னா வேற யாரு? எனக்குத்தான அது? நான் ஒருத்திதான வேற யாரு. அவள நான் தூக்கி வளத்தேன். எங்கம்மா தறியில இருப்பாங்க, அவ எம்மேலதான் கெடப்பா. அவளா இப்படிச் சொன்னான்னு நான் அவருகிட்ட கூட வாயத் தொறந்து கேக்கல.”

அந்தச் சொல் அவர்மேல் இப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நடந்ததை மறைத்துவைத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

“இந்தப் பொண்ணு இங்க வந்து தூங்கும். தூக்கி மடியில போட்டுக்கணும்னு இருக்கும். போட்டுக்க மாட்டேன். செத்தவ பாத்துகினு இருப்பா, வேணான்னு சொல்லிட்டுப் போயிருக்கான்னு, தள்ளி உக்காந்துக்குவேன். தள்ளி உக்காந்துகினு விசிறுவேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “பி.காம் படிச்சியே. இதான் படிச்சியா நீ?”

அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

மணவாளன் வாசல்படியில் வந்து நின்று, அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கடையில் சத்யா சிரிக்கும் சத்தம் கேட்டது.

“தீபாவளி வரைக்கும் டைம் குடுக்கறேன்னு வந்து நின்னேனே. எனக்கு எவ்ளோ திமிருன்னு நெனச்சிருப்ப. செத்தவ சொன்னத மீறி டைம் குடுக்க நான் யாருன்னு நெனச்சிகினு, பயந்துகினு வந்தேன்டா அன்னிக்கு.” அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தார். “பாப்பா இங்க இருக்கட்டும்.”

“சரிக்கா.”

“எவ்ளோ நாளுன்னு கேக்கமாட்டியா?”

“இல்ல.”

“கேளு. கேக்காம தலைய ஆட்டிகினு இருந்தா எனக்குக் கோவம் வருது.”

“எவ்ளோ நாளுக்கா?”

“தெரியாது. பள்ளிக்கூடம் இங்கயே பாத்துக்கறோம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வா. குடிக்காம வா. குடிச்சிட்டு வந்தா அவரு கடை வாசல்லயே நிறுத்திடுவாரு. அந்த மேடத்துகிட்டயும் போவறத நிறுத்தாத. அதுக்கப்புறம் பாக்கலாம்.”

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்து ஸ்டவ்வை அணைத்தார். கரண்டியால் ஒரு தடவை கிளறினார். என் பக்கம் திரும்பாமல் நின்றுகொண்டே கேட்டார்.

“அப்ப வண்டியில அவ இன்னாதான் சொன்னா?”

“வண்டியில பேசவே இல்லக்கா. கண்ணு மூடிகினு இருந்தா. பேசினது அதுக்கு முன்னாடி. தெருவுல.”

அவர் திரும்பினார்.

சொன்னேன். ஏழே காலுக்குக் கஞ்சி போட ஆரம்பித்தோம். எங்கள் பாவு. நான் தலைப்பக்கத்துக் கட்டையில் இருந்தேன். துரை எதிர்முனையில். நடுவில் மூன்று பேர் இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழரைக்கு அவள் உள்ளேயிருந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு கையை வயிற்றில் அழுத்திப் பிடித்திருந்தாள். தாங்க முடியல, ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. பாவு ஈரமா இருக்குது, காயட்டும் என்றேன். எவ்ளோ நேரம் என்று கேட்டாள். ஒரு மணி நேரம் என்றேன். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஒரு இழை அறுந்திருந்தது, அதை முடிந்துகொண்டிருந்தேன். எட்டு நாற்பதுக்குப் பாவைச் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தரையில் கிடந்தாள்.

“ஒரு மணி நேரம்னு நீ சொன்னதும் அவ ஒண்ணுமே சொல்லலையா?”

“சொன்னா.”

“இன்னா சொன்னா?”

“‘சரி, முடிச்சிட்டு ஜல்தி வாங்க. நான் பொடவ மாத்திகினு ரெடியா இருக்கேன்.’”